காலேஜ் கோர்ஸ் எப்படி வருகிறது, எப்படி மாறுகிறது, எப்படி நிற்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை என் போன் ஓயாது. அக்கம்பக்கத்துப் பெற்றோர், பழைய மாணவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. தன்னாட்சிக் (ஆட்டோனமஸ்) கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்திக்கொண்டே இருபது ஆண்டுக்கு மேல் பாடத்திட்டக் குழுவில் இருந்திருக்கிறேன். வேறு கல்லூரிக் குழுக்களுக்கு வெளி நிபுணராகவும் போயிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுக் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மருத்துவம், சட்டம், பி.எட். ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகளும் விதிகளும் உண்டு.

"சார், கோர்ஸ்னா பி.எஸ்சி.யா, இல்ல அதுல வர்ற பேப்பரா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

இரண்டையும் அப்படித்தான் சொல்கிறோம், குழப்பமும் அங்கிருந்துதான் வருகிறது. வீட்டில் "என்ன கோர்ஸ்" என்றால் பட்டப்படிப்பு. பாடத்திட்டப் புத்தகத்தில் "கோர்ஸ்" என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு தாள். இந்தப் பக்கத்தில் படிப்பு என்றால் பி.எஸ்சி. வேதியியல் மாதிரி முழுப் பட்டம். தாள் என்றால் ஒரு பருவத்தில் தேர்வு எழுதும் பேப்பர். அலகு என்றால் அந்தத் தாளுக்குள் வரும் யூனிட். நம் ஊரில் ஒரு தாளுக்குப் பெரும்பாலும் ஐந்து அலகு.

இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். அலகை மாற்ற ஒரு துறையும் அதன் குழுவும் உட்கார்ந்தால் போதும், மேலே ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். தாளைத் தூக்க வேண்டுமென்றால் மற்றத் துறைகளும் உள்ளே வரும். படிப்பையே தொடங்கவோ மூடவோ வேண்டுமென்றால் பல்கலைக்கழகம், சில சமயம் அரசு, சில சமயம் டெல்லி வரை போக வேண்டும்.

"புதுசா ஒரு கோர்ஸ் ஆரம்பிக்கணும்னா யாரு முடிவு பண்றாங்க? காலேஜ் ஓனரா?"

ஆசைப்படுவது நிர்வாகம், முடிவு அவர்கள் கையில் இல்லை. முதலில் பட்டத்தின் பெயர். பல்கலைக்கழக மானியக்குழு, அதாவது யு.ஜி.சி., 2014-ல் அரசிதழில் வெளியிட்ட பட்டங்களின் பட்டியலில் அது இருக்க வேண்டும். விளம்பரத்தில் எந்தப் பெயரும் போடலாம், பட்டத்தில் போட முடியாது. பட்டம் வழங்கும் அதிகாரமும் 1956-ம் ஆண்டு யு.ஜி.சி. சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் அந்தச் சட்டம் குறிப்பிடும் நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு.

பல்கலைக்கழகத்தோடு இணைவு, அதாவது அஃபிலியேஷன் பெற்ற தனியார் கலை அறிவியல் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போகும். ஆய்வுக் குழு நேரில் வரும். வகுப்பறை, ஆய்வகம், நூலகத்தில் அந்தப் பாடத்துக்கு எத்தனை புத்தகம், ஆசிரியர்களின் கல்வித்தகுதி எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை கொடுக்கும். அந்த அறிக்கை சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழுவுக்குப் போய், அங்கே நிறைவேறினால்தான் இணைவு. அதுவும் முதலில் தற்காலிகமாகத்தான் வரும். எத்தனை இடம் என்பதும் ஆணையிலேயே இருக்கும்.

பொறியியல், எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, அதாவது ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் வேண்டும். 2024-25 முதல் பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளும் அதன் கீழ் வந்துவிட்டன. இது நிறையப் பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை.

"'அஃபிலியேஷன் அப்ளை பண்ணியிருக்கோம், எப்படியும் வந்துடும்'னு சொல்றாங்க. சேர்க்கலாமா?"

வேண்டாம். ஆணை கைக்கு வந்த பிறகு சேருங்கள். விண்ணப்ப ரசீது ஆணை ஆகாது, ஆய்வுக் குழு வந்துபோனதும் ஆணை ஆகாது.

கல்லூரி அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷத்துக்கு, இந்தப் படிப்புக்கு, ஆணைக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது?" இருக்கிறவர்கள் ஃபைலைத் திருப்பிக் காட்டுவார்கள். அதில் படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, கல்வியாண்டு மூன்றையும் பாருங்கள். போன வருட ஆணையைக் காட்டி இந்த வருடம் சேர்ப்பதும் நடக்கிறது, அதனால் ஆண்டை விரல் வைத்துப் படியுங்கள். பல்கலைக்கழக இணையதளத்திலும் இணைவு பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கும். பொறியியல் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை இடம் என்று போட்டிருக்கும்.

அப்புறம், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால் பயப்படாதீர்கள். அவற்றைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஆட்டோனமஸ்னா அவங்களே எல்லாத்தையும் பண்ணிக்கலாமா?"

பாடத்திட்டம், தேர்வு, மதிப்பீடு இந்த மூன்றும் அவர்கள் கையில். பட்டம் பல்கலைக்கழகத்துடையது. லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவை 1978-லேயே தன்னாட்சி பெற்றவை, அங்கேயும் பட்டச் சான்றிதழ் சென்னைப் பல்கலைக்கழகத்துடையதுதான்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. எல்லோரும் போர்டு என்றே சொல்வோம். துறைத்தலைவர், துறை ஆசிரியர்கள், வேறு பல்கலைக்கழகப் பகுதியிலிருந்து இரண்டு நிபுணர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒரு நிபுணர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் அதில் இருப்பார்கள். இவர்கள் எழுதுவது, எல்லாத் துறைகளுக்கும் மேலே இருக்கும் கல்லூரியின் அகடமிக் கவுன்சிலில் நிறைவேற வேண்டும். புதுப் பட்டப்படிப்பு என்றால் பல்கலைக்கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி தேவைப்படும் படிப்புக்குத் தன்னாட்சி விலக்கு தராது.

"போர்டு மீட்டிங்ல உண்மையிலேயே என்ன நடக்கும்? கையெழுத்து போட்டுட்டு வந்துடுவீங்களா?"

அப்படி நடக்கும் கூட்டங்களும் உண்டு. அவற்றை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல கூட்டம் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லூரிக்கு வெளி நிபுணராகப் போயிருந்தேன். மேசை மேல் பழைய பாடத்திட்டம் ஒரு கட்டு, புதியது ஒரு கட்டு, புதியதில் மாறிய வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு. ஐந்தாம் பருவத்துக் கரிம வேதியியல் தாளில் நிறமாலையியலை (ஸ்பெக்ட்ராஸ்கோபி) ஐந்தாவது அலகாகப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தவர் கேட்டார், "கருவி இருக்கிறதா, இல்லை படத்தைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறார்களா?" எல்லோரும் துறைத்தலைவரைப் பார்த்தார்கள். கருவி இல்லை. முன்னாள் மாணவியாக வந்திருந்த பெண் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் கருவி தரும் வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் தவித்ததைச் சொன்னார். அலகை எடுக்கக் கூடாது, வரைபடங்களைக் கொடுத்துப் படிக்கப் பழக்கும் பயிற்சியாவது செய்முறையில் வர வேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு அலகுக்கே மதியச் சாப்பாடு வரை ஆகிவிட்டது. கடைசியில் அலகு தங்கியது. செய்முறைத் தாளில் இரண்டு பயிற்சி கூடியது. நான்காவது அலகில் யாருக்கும் பயன்படாத நான்கு வரி போனது.

பிறகு தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். எந்த ஆண்டு சேர்பவர்களிலிருந்து இது நடைமுறைக்கு வரும் என்ற ஒரு வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த வரிதான் பதில்.

"உபயோகமே இல்லாத ஒரு பேப்பரை எடுக்கறது ஏன் இவ்வளவு கஷ்டம்?"

நேரம்தான் காரணம். ஒரு வகுப்புக்கு வாரத்துக்கு 30 மணி நேரம், ஆறு நாள் சுழற்சியில் நாளுக்கு ஐந்து. அதற்குள் பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பகுதி நான்கில் திறன் தாள்கள், பகுதி ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரியான பணிகள். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை என்று கொடுக்கும் புள்ளிதான் கிரெடிட்; மூன்று ஆண்டில் மொத்தம் 140 கிரெடிட் என்பது நம் பல்கலைக்கழகங்களில் நிலைத்துவிட்ட கணக்கு. புதிதாக ஒன்று வர வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

ஒரு தாள் வெளியே போனால் அதை நடத்துபவரின் வேலை நேரமும் போகிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது யு.ஜி.சி. கணக்கு. துறையின் மொத்த மணி நேரத்தை வைத்துத்தான் எத்தனை பணியிடம் என்று கணக்கிடுவார்கள். வேதியியல் மாணவருக்குத் துணைப் பாடமாக இருந்த கணிதத்தை எடுத்தால், கணிதத் துறையில் ஒரு தற்காலிக ஆசிரியருக்கு அடுத்த ஜூனில் வேலை இருக்காது. அவர் எங்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர், அவர் குழந்தையின் பெயர்கூட எங்களுக்குத் தெரியும். ஆகவே கூட்டத்தில் யாராவது தயங்கினால் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் மாணவருக்கு எது தேவை என்பதுதான் முதலில் வர வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆசிரியருக்கு வேறு தாள் ஒதுக்க வழி தேடுவதும் அதே கூட்டத்தின் வேலைதான்.

"சிலபஸ் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாறும்?"

பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை முழுசாக மாறும். நடுவில் சின்னத் திருத்தங்கள் வரும். அண்ணா பல்கலைக்கழகத்தில் இதை ரெகுலேஷன் என்பார்கள்: 2008, 2013, 2017, 2021 என்று ஒழுங்குமுறைகள் வந்தன. 2025-ல் அடுத்தது வந்திருக்கிறது.

தாளின் குறியீட்டைப் பார்த்தே எந்த ஒழுங்குமுறை என்று சொல்லிவிடலாம். முதல் பருவக் கணிதம் 2013-ல் எம்.ஏ. 6151, 2017-ல் எம்.ஏ. 8151, 2021-ல் எம்.ஏ. 3151. முதல் இலக்கம் ஒழுங்குமுறையைக் காட்டும், அடுத்தது பருவம். மதிப்பெண் சான்றிதழில் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தாளின் பெயரை அப்புறம் பார்க்கலாம். பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறாக இருப்பது சாதாரணம்.

"நான் செகண்ட் இயர். ஜூனியர்ஸுக்கு புது சிலபஸ் வந்திருக்கு. எனக்கும் மாறிடுமா?"

மாறாது. நீங்கள் சேர்ந்த ஆண்டில் எந்தப் பாடத்திட்டம் இருந்ததோ அதிலேயே முடிப்பீர்கள். தீர்மானத்தில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றி மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

"என் அரியர் பேப்பரே இப்ப இல்லைங்கறாங்க. நான் எதை எழுதறது?"

பதற வேண்டாம். பாடத்திட்டம் மாறினாலும் பழைய தாளுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை தேர்வு நடத்துவார்கள். அதற்குப் பிறகு பழைய தாளுக்கு இணையான புதிய தாள் எது என்று ஒரு பட்டியல் போடுவார்கள். நீங்கள் அந்தப் புதிய தாளை எழுதினால், பழைய தாளில் தேறியதாக எடுத்துக்கொள்வார்கள். பட்டியல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருக்கும். துறையில் கேட்டு "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

ஒரு பெண் வந்தாள், கல்யாணம் ஆகி, கையில் குழந்தையோடு. ஒரே ஒரு அரியர், துணைப் பாடத்தில். குறியீட்டை எழுதியிருந்த துண்டுச்சீட்டு மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்தது. இரண்டு கவுன்ட்டரில் "அந்த பேப்பர் இல்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பழைய அகடமிக் கவுன்சில் தீர்மானங்களை எடுத்துப் புரட்டினோம். மூன்றாவது தொகுதியில், இணைத் தாள் பட்டியலில் அவள் எண் இருந்தது. அந்த நவம்பரில் எழுதித் தேறினாள். காகிதம் இருக்கத்தான் இருந்தது, எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

இதற்கும் காலக்கெடு உண்டு. நான்கு ஆண்டு பி.இ. படிப்பை ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது அண்ணா பல்கலைக்கழக விதி. 2001-02 முதல் சேர்ந்து அரியர் வைத்திருந்தவர்களுக்கு 2021-ல் சிறப்பு வாய்ப்பு ஒன்று கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வாய்ப்பு எப்போதாவதுதான் வரும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

"உடம்பு சரியில்லாம ஒரு வருஷம் நின்னுட்டேன். திரும்பச் சேரும்போது என்ன சிலபஸ்?"

சேர்ந்த ஆண்டுதான் கணக்கு என்ற விதிக்கு இது விலக்கு. திரும்பச் சேரும்போது நீங்கள் யாரோடு உட்காருகிறீர்களோ அவர்களுடைய பாடத்திட்டம்தான் உங்களுக்கும். அதில் முதலாண்டிலேயே நடத்திவிட்ட புதிய தாள் எதையாவது நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். அதைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். முன்பே தேறிய இணைத் தாள்களுக்கு விலக்கு கிடைக்கும். சேருவதற்கு முன்னாலேயே இந்தப் பட்டியலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடைசிப் பருவத்தில் தெரியவந்தால் ஒரு ஆண்டு வீணாகும்.

"சிலபஸ் புக்ல இருந்த எலெக்டிவை 'இந்த வருஷம் இல்ல'ன்னுட்டாங்க. இது சரியா?"

சரிதான். விருப்பத் தாள்கள் ஐந்தாறு அச்சில் இருக்கும். நடத்த ஆசிரியரும் போதுமான மாணவர்களும் இருந்தால்தான் வகுப்பு நடக்கும். குறைந்தபட்ச எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி வேறு. பத்துப் பேராகச் சேர்ந்து, கையெழுத்துப் போட்டு, தேர்வு செய்யும் நாளுக்கு முன்பே துறைத்தலைவரிடம் கொடுத்தால் பல இடங்களில் நடத்துகிறார்கள். தனியாகப் போய்க் கேட்டால் கிடைக்காது.

"அரசாங்கம் நேரடியா ஒரு பேப்பரைச் சேர்க்கச் சொல்ல முடியுமா?"

சொல்லியிருக்கிறது. நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எல்லாப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் தாள் ஒன்று இருக்கிறதே, அதன் வேர் 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. பொறியியல் முதலாண்டில் இருக்கும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' இரண்டும் 2022-ல் வந்தவை. அதே ஆண்டு மாநில அரசு தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின் பயிற்சிகளும் கிரெடிட்டோடு பாடத்திட்டத்துக்குள் வந்தன.

எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதில்தான் சண்டை. 2023-ல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் படிப்புகளுக்குப் பொதுவான மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. பொதுவான பாடத்திட்டம் இருந்தால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிது, அது நியாயம்தான். ஆனால் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியும் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியும் ஒரே விலங்கியல் தாளை நடத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இடத்தை உள்ளூர்க் குழுவுக்கு விட வேண்டும்.

"கோர்ஸை மூடப் போறாங்களாம். பையன் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். என்ன ஆகும்?"

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் பதற்றத்தோடு வருவது இதுதான். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1976-ம் ஆண்டுத் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி, உரிய அதிகாரிக்கு முன்னறிவிப்புத் தராமல் கல்லூரியையோ, வகுப்பையோ, படிப்பையோ மூட முடியாது. ஏற்கனவே சேர்ந்தவர்கள் தங்கள் படிப்புக் காலம் முழுக்கப் படித்து முடிக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

நடைமுறையில் "மூடுகிறார்கள்" என்றால் பெரும்பாலும் முதலாண்டுச் சேர்க்கையை நிறுத்துகிறார்கள் என்று பொருள். ஏ.ஐ.சி.டி.இ. விதிகளிலும் இது படிப்படியாக மூடுதல் என்று தனியாகவே இருக்கிறது. இந்த ஆண்டு முதலாண்டு இருக்காது, அடுத்த ஆண்டு இரண்டாமாண்டு இருக்காது, கடைசி பேட்ச் வெளியேறிய பிறகு துறைக் கதவு பூட்டப்படும். பல்கலைக்கழகத்தின் தடையில்லாச் சான்றும் மாநில அரசின் தடையில்லாச் சான்றும் அதற்கு வேண்டும்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மூடப்போகும் துறையிலிருந்து நல்ல ஆசிரியர்கள் முதலில் கிளம்பிவிடுவார்கள். ஆய்வகத்துக்குப் புதிதாகப் பொருள் வாங்க மாட்டார்கள். பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒவ்வொரு தாளையும் யார் நடத்துகிறார் என்று பருவத் தொடக்கத்திலேயே பட்டியல் கேளுங்கள். ஆள் இல்லாத தாள் இருந்தால் முதல் மாதமே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு எழுதும் கடிதத்தால் பலன் இருக்காது.

"எங்க பேட்ச்ல நாலு பேர்தான். வேற டிபார்ட்மென்ட்டுக்கு மாறிக்கோங்கன்னு பிரின்சிபால் சொல்றாரு. மாறியே ஆகணுமா?"

கட்டாயம் இல்லை. சேர்க்கை முடிந்து, உங்கள் பெயர் பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டால், நான்கு பேர் என்றாலும் வகுப்பு நடத்துவது கல்லூரியின் கடமை. மேலே சொன்ன சட்டம் இதற்கும் பொருந்தும்.

ஆனால் சேர்ந்த முதல் சில வாரங்களிலேயே இப்படிக் கேட்டால், யோசித்துப் பார்ப்பதில் தவறில்லை. அதே சமயம், நான்கு பேர் வகுப்பில் ஆசிரியர் உங்கள் நோட்டை உட்கார்ந்து பார்ப்பார். இயற்பியலில் அப்படிப் படித்து நன்றாக வந்தவர்களை எனக்குத் தெரியும். மாறுவதாக இருந்தால் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் கடைசித் தேதிக்குள் மாற வேண்டும், கட்டிய பணம் புதிய படிப்புக்கு மாற்றப்பட்டதற்கு ரசீதும் வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக மாறி, பெயர் பழைய துறையிலேயே கிடந்து, ஹால் டிக்கெட் வராமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"யுனிவர்சிட்டியே ஒரு கோர்ஸை நிறுத்திட்டா, திரும்ப வர வைக்க முடியுமா?"

முடிந்திருக்கிறது. 2020-21-ல் அண்ணா பல்கலைக்கழகம் எம்.டெக். பயோடெக்னாலஜி, கம்ப்யூட்டேஷனல் பயாலஜி இரண்டுக்கும் சேர்க்கையை நிறுத்தியது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு நடக்கும் படிப்புகள் அவை. மத்திய அரசின் 49.5 சதவீத இடஒதுக்கீடா, மாநிலத்தின் 69 சதவீதமா என்பதில் வந்த சிக்கல். மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அந்த ஆண்டே சேர்க்கை நடந்தது.

இன்னொன்று 2023 மே மாதம். 2010-ல் தொடங்கிய தமிழ்வழிப் பொறியியலில், அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் 11 உறுப்புக் கல்லூரிகளில் சிவில், மெக்கானிக்கல் சேர்க்கையை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் பல்கலைக்கழகம் அதைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் கவனியுங்கள், சேர்க்கை தொடங்கும் முன்போ நடக்கும்போதோ குரல் எழுந்தது. ஓராண்டு கழிந்து, ஆசிரியர்கள் வேறு இடம் போன பிறகு யாரும் எதையும் திரும்பக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

"எம்.ஃபில். செல்லாதாமே! நான் 2012-ல முடிச்சேன்."

உங்களுடையது செல்லும். யு.ஜி.சி. 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறையில் இனி எம்.ஃபில். நடத்தக் கூடாது என்று சொன்னது. அதற்கு முன்பு முடித்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் பாதிப்பு இல்லை என்று அதிலேயே இருக்கிறது. எம்.சி.ஏ. 2020-21 முதல் மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டானபோதும் இதே பயம் வந்தது. மூன்றாண்டு படித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"படிச்சிட்டிருக்கும்போதே காலேஜ் ஆட்டோனமஸ் ஆயிடுச்சு. இன்னொரு ஃபிரெண்டுக்கு யுனிவர்சிட்டியே மாறிடுச்சு. எங்க டிகிரி எது?"

தன்னாட்சி வந்தால், புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் கல்லூரியின் பாடத்திட்டமும் தேர்வும். நீங்கள் பல்கலைக்கழகத் தேர்வையே எழுதி முடிப்பீர்கள். அரியர் இருந்தாலும் அங்கேதான்.

பல்கலைக்கழகம் மாறுவதும் நம் மாநிலத்தில் புதிதல்ல. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது அந்தப் பகுதிக் கல்லூரிகள் அதற்கு மாறின. 2021-ல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. இப்படி மாறும்போது ஏற்கனவே படிப்பவர்களுக்கு யார் தேர்வு நடத்துவார், யார் பட்டம் தருவார் என்று சட்டத்திலோ ஆணையிலோ தனியாக எழுதியிருப்பார்கள். உங்கள் பேட்சுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்த ஆணையின் நகல் ஒன்றை மதிப்பெண் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வேலைக்குச் சேரும் இடத்தில் "இந்தக் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகம் இல்லையே" என்று கேட்பார்கள்.

"கோர்ஸ் பேரை மாடர்னா மாத்திட்டாங்க. இப்ப டி.என்.பி.எஸ்.சி.யில 'உங்க டிகிரி அது இல்ல'ங்கறாங்க. என்ன பண்றது?"

எனக்குத் தூக்கம் கெட்ட கேள்வி இது. சேர்க்கை கூடட்டும் என்று கல்லூரி, பட்டத்துக்குள் ஒரு சொல்லைச் சேர்க்கிறது. 'வேதியியல்' என்பது 'பயன்பாட்டு வேதியியல்' ஆகிறது. போர்டில் நாங்களும் தலையாட்டிவிடுகிறோம். வேலை அறிவிப்பில் 'பி.எஸ்சி. வேதியியல்' என்று மட்டும் இருக்கும். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இருப்பவருக்குப் பாடத்திட்டம் தெரியாது, பெயரைத்தான் பார்ப்பார்.

இதற்கென்று இணைத்தன்மை என்று ஒரு வழி இருக்கிறது. இன்ன பல்கலைக்கழகத்தின் இன்ன பட்டம், அரசு வேலைக்கு இன்ன பட்டத்துக்கு இணை அல்லது இணையில்லை என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும். மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பரிந்துரைக்கும். உங்கள் பட்டத்துக்கு ஏற்கனவே ஆணை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகப் பதிவாளர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியை வற்புறுத்திச் செய்ய வையுங்கள், ஒருவருக்குப் போட்ட ஆணை அந்தப் பட்டம் வாங்கிய எல்லோருக்கும் உதவும்.

தேதியைக் கவனியுங்கள். தேர்வு அறிவிப்பு வெளிவரும் நாளில் அந்த அரசாணை நடைமுறையில் இருக்க வேண்டும் என்று டி.என்.பி.எஸ்.சி. கேட்கிறது. தேர்வெழுதி, தேறி, நேர்காணலுக்குக் கூப்பிட்ட பிறகு ஆணை தேடுவது பயன்படாது. ஆகவே பட்டம் கைக்கு வந்த வாரமே தேடத் தொடங்குங்கள். சேரும் முன்பே கேட்பதென்றால் இன்னும் நல்லது. கல்லூரிக்கு முதல் நாள் போகும்போது, இணைவு ஆணை கேட்கும் அதே கவுன்ட்டரில், "இந்தப் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" என்றும் கேட்டு, எண்ணையும் தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.